பழைய டிரைவரை அழித்த சனிக்கிழமை

இலுப்பைக்கடவையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீதியோரமாக நடந்துகொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அதிர்ந்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், இப்போதே போடவா என்று கேட்டது. ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டு நடந்தேன். ஒரு காலத்தில் கேட்டதற்கெல்லாம் ஓமென்று சொன்னவன்தான் நான்.

அப்போது மன்னார் பட்டினத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் இருந்தேன். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்குக் கதிரையும் மின்விசிறியும் கிடைத்த ஒரே வேலை அது. சூடான தாளின் மணத்தை உத்தியோகத்தின் மணம் என்றே நினைத்திருந்தேன். கணினி சொல்வதைப் பிரிண்டருக்கு விளங்கவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் மிகப் பழையது. புதியதைப் போடச் சொல்லித் திரை தினமும் நச்சரிக்கும். முதலாளி அண்ணை ஒருமுறைதான் சொன்னார்.

“ஓடுறதிலை சும்மா கை வையாதை. மாத்தத்தான் வேணுமெண்டா ஞாயிறு கடை பூட்டிக் கிடக்கேக்கை மாத்து. பழசைப் பென்டிரைவிலை எடுத்து வைச்சிட்டு.”

ஞாயிறுதான் சிக்கல். ஆண்டவரின் நாள் என்று எங்கள் வீட்டில் அன்று கிழிந்த மீன்வலைக்குக்கூட ஊசி போடமாட்டோம். அண்ணை வவுனியாவுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலை, ஆளில்லாத நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். துப்புரவான ஆள் அல்லவா, பழையதை முதலில் அழித்தேன். பிறகு புதியதைப் போட்டேன். எங்கள் பிரிண்டருக்கு அது பொருந்தவில்லை.

பத்து மணிக்கு முள்ளிக்குளத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கடலோடு போன கணவனுக்கு மறுநாள் முப்பத்தோராம் நாள் பூசை. வருகிறவர்களுக்குக் கொடுக்க, படமும் செபமும் அச்சிட்ட அட்டை அறுபது வேண்டும். வேறு கடைக்கு அனுப்பியிருக்கலாம். எனக்கு மானம் விடவில்லை. இணையத்தில் பழைய டிரைவரைத் தேடியபடி, இப்ப சரிவரும், இப்ப சரிவரும் என்று அவரை இருத்திவைத்தேன். மாலையாகி மற்றக் கடைகளும் பூட்டிவிட்டன. கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

படத்துக்காக என்னிடம் தந்திருந்த தன் தொலைபேசியை அவர் திரும்ப வாங்கி, அதிலிருந்த முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்தார்.

“பரவாயில்லை தம்பி. வாற ஆக்களுக்கு அவரின்ரை முகம் தெரியும்தானே.”

திங்கட்கிழமை அண்ணை தன் வீட்டில் வைத்திருந்த பழைய டிரைவரின் பிரதியைக் கொண்டுவந்து பத்து நிமிடத்தில் சரிசெய்தார். ஏசவில்லை.

“ஞாயிறு வேலை உங்கடை வீட்டிலை ஆகாதெண்டா எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் செய்திருப்பன்.”

அறுபது அட்டைகளையும் அடித்து முள்ளிக்குளம் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்தனவோ தெரியாது. அந்தக் கடை இப்போது இல்லை. இறந்தவர்களின் படங்களும் தொலைபேசியில்தான் வருகின்றன. செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ள எவருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை.

அட்டைகளை அனுப்பிய அந்தத் திங்கள் மாலையே கடை வேலையை விட்டேன். அடுத்த நாள் காலை பேசாலைக் கரையில் மீன்பெட்டிகளுக்கு ஐஸ் உடைக்கச் சேர்ந்தேன்.