வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளி

கையைக் கழுவித் துடைத்து முகர்ந்து பார்க்கிறார் மாமா. திருப்தி இல்லை. மறுபடியும் குழாயைத் திறக்கிறார். செயற்கைப் பல் செய்கிற பட்டறையில் நாள் முழுக்கப் பிளாஸ்டர் மாவிலும் மெழுகிலும் அளைந்த கை அது. முகம் தெரியாத யார் யாருக்கோ முன்பல்லும் கடைவாய்ப் பல்லும் செய்துகொடுத்த கை. அதில் ஒரு பொட்டு மாவு ஒட்டியிருந்தாலும் கேமராவுக்குள் போய்விடும் என்று அவருக்குப் பயம். நகக்கண்ணைப் பழைய பல் பிரஷால் தேய்ப்பார். சட்டையை வெளியிலேயே கழற்றி மாட்டிவிட்டுப் பனியனோடு அறைக்குள் போவார். மின்விசிறியை நிறுத்தி, இறக்கை முழுசாக ஓயும்வரை கதவோரமாகவே நிற்பார்.

"காத்துல என்னென்ன மிதக்குதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்பார். தெரியாது என்றால் விளக்குவார். தெரியும் என்றாலும் விளக்குவார்.

என் அம்மாவின் தம்பி அவர். மாடியில் அவரும் அத்தையும், கீழே நாங்கள். தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'தூசி மாமா'. அந்தப் பெயரை வைத்தது யார் என்று இங்கே ஆராய வேண்டியதில்லை.

கேமரா குடியிருப்பது காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டியில். உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். ஈரத்தை அளந்து காட்டும் சின்ன முள் ஒன்றும் உண்டு. காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த முள்ளை எட்டி எட்டிப் பார்ப்பார். மழை நாளில் முள் கொஞ்சம் ஏறிவிட்டால் போதும், சாப்பாடு இறங்காது. "லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சா முடிஞ்சுது. வேர் விட்டுரும்" என்பார், ஏதோ பக்கத்து வீட்டில் நடந்த சாவைச் சொல்வதுபோல.

லென்ஸைக் காப்பாற்ற முன்னால் ஒரு ஃபில்டர். ஃபில்டரில் கீறல் விழாமலிருக்க ஒரு வளையம். இதையெல்லாம் காப்பாற்ற ஒரு பை, பையைக் காப்பாற்ற ஒரு மழையுறை. "உங்க மாமாவை யாருடி காப்பாத்துறது?" என்று அத்தை கேட்பார். பையைத் திறந்தால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. தூசியை ஊதித் தள்ள ரப்பர் பந்து; துடைக்கப் பூனை ரோமம் மாதிரி ஒரு துணி; உபரி பேட்டரி, உபரி மெமரி கார்டு, உபரிக்கு உபரி. ஒருமுறை பேட்டரி உறைக்குள் பேட்டரிக்குப் பதில் ஒரு கடைவாய்ப் பல் இருந்தது. அவர் பட்டறையில் கழித்துப்போட்ட பல்தான். யார் வைத்தது என்று அவர் கேட்கவேயில்லை. நேராகக் கீழே இறங்கி வந்து என் காதைப் பிடித்தார். "குட்டிச்சாத்தானே, பல்லுல எவ்வளவு தூசி இருக்கும் தெரியுமா?"

இவ்வளவு பாதுகாப்போடு இருக்கிற கேமரா வெளியே போகுமா? போகாது. ஜன்னலோரம் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அது ஆடாமலிருக்கக் கீழே தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, கை நடுக்கம் படாமல் தள்ளி நின்று ரிமோட்டை அழுத்துவார். எதிர் மாடிக் கொடியில் காயும் துணி, தண்ணீர்த் தொட்டி, அதன் விளிம்பில் உட்காரும் புறாக்கள். மாமாவின் உலகம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ளத் தோன்றும். கொடியில் தொங்கும் ஒரு சட்டைக்குள் காற்று நுழைந்து, கையை மடக்கிக்கொண்டு யாரையோ கூப்பிடுவதுபோல ஒரு படம் இருக்கிறது. நான் பாராட்டவில்லை. "சட்டை ஓனர் கேஸ் போடப்போறார் மாமா" என்றுதான் சொன்னேன். மூன்று நாள் அதையே என் ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அந்த உலகத்தில் ஒரு புள்ளி வந்தது.

வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. மாமா பதறவில்லை, முதலில். தூசியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளைச் சுவரைப் படம் எடுக்க வேண்டும். புள்ளி படத்திலும் விழுந்தால் தூசி உள்ளே, படம் பதிகிற சென்சாரில் இருக்கிறது. படத்தில் விழாமல் வியூஃபைண்டரில் மட்டும் தெரிந்தால் மேலே, கண்ணாடிப் பக்கம். சுவரை எடுத்தார். படம் பால் மாதிரி இருந்தது. லென்ஸை மாற்றிப் பார்த்தார். புள்ளி போகவில்லை. "அப்போ மேலதான்" என்று ரப்பர் பந்தை எடுத்து ஊதினார். ஊதினார், பார்த்தார், ஊதினார். பந்து மூச்சுவாங்குகிற சத்தம் எங்கள் வீட்டுக் கூரை வழியே கேட்டுக்கொண்டிருந்தது.

கேமரா ரிப்பேர் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், இவ்வளவு சுத்தமான கேமராவை நான் பார்த்ததே இல்ல. ஒண்ணுமே இல்ல, எடுத்துட்டுப் போங்க" என்றாராம். மாமா கோபமாகத் திரும்பி வந்தார். "அவனுக்குத் தொழில் தெரியல. கண்ணே தெரியல அவனுக்கு." சொல்லி முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பூப்போட்ட திரைச்சீலைக்கு எதிராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அதுதான் அவர் இடம். வெறும் சுவரைப் பார்த்து உட்காருவதில்லை.

அடுத்த நாள் கீழே வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். என் எதிரே குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "நீதானடி?" என்றார்.

"எது மாமா?"

"வியூஃபைண்டர்ல ஏதோ தடவிட்ட. விளையாட்டுக்குத்தானே? சொல்லிடு. திட்ட மாட்டேன். காதைக்கூடப் புடிக்க மாட்டேன்."

நான் செய்யாததற்கெல்லாம் அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் நான்தான் செய்திருக்க வேண்டும் என்று ஒருவர் கண் கலங்கக் கெஞ்சியது அன்றைக்குத்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவர் இன்று நிம்மதியாகத் தூங்குவார் என்று தெரிந்தது. நாளைக்கு?

"நான் இல்ல மாமா. சத்தியமா." பிறகு வாய் சும்மா இருக்காமல் கேட்டேன். "புள்ளி எங்க இருக்கு? மூலையிலயா, நடுவுலயா?"

"நான் எங்க பார்க்கறேனோ அங்க" என்றார்.

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கண்ணாடியில் ஒட்டிய தூசி ஒரே இடத்தில் நிற்கும். பார்க்கிற இடத்துக்கெல்லாம் கூடவே வராது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். எழுந்து படியேறிப் போனார். கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அப்பா, என் தாத்தா, கண் தெரியாமல் போன கடைசி வருடங்களில் அப்படித்தான் வீட்டுக்குள் நடந்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தாத்தாவுக்கும் முதலில் வந்தது ஒரு புள்ளிதானாம்.

கண் ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான் இருக்கிறது. பெரிய கண் ஒன்றை வரைந்த பலகை. மாமா பட்டறைக்கு அந்த வழியாகத்தான் போவார். இப்போது சந்தைப் பக்கம் சுற்றிக்கொண்டு போகிறார், அவ்வளவு புழுதியில்.

கேமராவை ஒளித்துவைக்கலாம், பல்லை ஒளிக்க முடியவில்லை. பல் வேலையை அவர் பூதக்கண்ணாடி வில்லையை வலது கண்ணில் இடுக்கிக்கொண்டு, இடது கண்ணை மூடிச் செய்வார். கேமராவுக்கும் அதே கண்தான். ஒரு முன்பல்லில் கறை இருப்பதாகத் தேய்த்திருக்கிறார். கறை போகவில்லை, இன்னும் தேய்த்திருக்கிறார். பல் டாக்டர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு ஃபோன் செய்தபோது எடுத்தது அத்தை.

"என்னம்மா, சார் எலிக்குப் பல் செஞ்சு அனுப்பிருக்காரு?"

அத்தை சிரித்துவிட்டு ஃபோனை வைத்தார். பிறகு சிரிக்கவில்லை. அந்தப் பல்லைப் பட்டறையிலிருந்து எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். அரிசி மாதிரி இருந்தது. கறை எதுவும் இல்லை.

நேற்று மத்தியானம் நான் மேலே போனபோது மாமா முக்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். கேமரா வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை வெளியே கிளம்புகிற புடவையில் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, ஒரு தடவை இடது கண்ணால பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"எனக்கு அந்தக் கண் பழக்கமில்ல."

"கல்யாணம்கூடத்தான் பழக்கமில்லாம பண்ணிக்கிட்டீங்க."

நான் சிரித்தேன். மாமாவும் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கம்தான் ஏறியது. "அந்தக் கண்ணுலயும் தெரிஞ்சா கேமராதான். சந்தோஷம்" என்றார். "தெரியலைன்னா?"

கொடியில் ஏதோ துணி படபடத்தது.

"தெரியலைன்னா இப்பவே கிளம்பறோம்" என்றார் அத்தை. "அந்தக் காலத்துல உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போக யாருக்கும் தோணல. எனக்குத் தோணுது. டாக்டர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாராம்."

"அவரு வேற ஏதாவது சொல்லிட்டா?"

"சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன். நீங்க காதைப் பொத்திக்குங்க."

மாமா குனிந்தார். வலது கண்தான் வழக்கம்போல முதலில் போயிற்று. பாதியில் நிறுத்தி, தலையை நகர்த்தி இடது கண்ணைக் கொண்டுபோனார். வலது கண்ணைத் தனியாக மூட அவருக்கு வரவில்லை. முகம் முழுக்கச் சுருங்கியதே தவிர இமை மூடவில்லை. இன்னொரு நேரமாக இருந்தால் அந்த முகத்தை ஃபோனில் பிடித்துத் தெரு முழுக்க அனுப்பியிருப்பேன். ஃபோன் கையில்தான் இருந்தது. திருப்பித் தொடைமேல் கவிழ்த்துவைத்தேன்.

கடைசியில் லென்ஸ் மூடியை எடுத்து வலது கண்மேல் பொத்திக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார், கொஞ்சம் வலப்பக்கம். சுவரின் ஒவ்வொரு மூலையிலும் எதையோ கெஞ்சித் தேடுவதுபோல இருந்தது.

"இருக்கா?" என்றார் அத்தை.

மாமா நிமிர்ந்தார். மூடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு கையை மட்டும், அத்தை இருந்த பக்கமாக நீட்டினார்.