பூக் கட்டாத நாட்கள்

கிள்ளானில் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும்போது, பெண்கள் பெட்டியில் யாராவது ஒரு மலாய்ப் பெண் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்துகொள்வாள். "டுடோக், காக்" என்பாள். உட்காருங்கள் அக்கா என்று அர்த்தம். ஊரில் என்றால் எத்தனையாவது மாதம், தலைப்பிரசவமா என்று கேட்டுவிட்டுத்தான் இடம் கொடுப்பார்கள். இங்கே ஒன்றும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் உள்ளே பிள்ளை இல்லை என்று சொல்லியிருப்பேன். கேட்காததால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து வயிற்றை மறைத்துக்கொள்வேன். அப்போது கல்யாணமாகி ஆறு வருஷம்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வீட்டுக்காரர் கிள்ளானிலேயே பிறந்தவர், லோரி ஓட்டுகிறார். பிள்ளை வேண்டி எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருப்பதாக நேர்ந்துகொண்டேன். விலக்கு நாள் ஐந்தையும் விட்டுவிட்டு மேலே எண்ணலாம் என்பது வழக்கம். எனக்கோ ஐந்து பத்தாகி, பதினைந்தும் ஆனது. இத்தனை நாள் தீட்டென்றால் விரதம் முறிந்ததுதான் என்று நானாகவே முடிவுகட்டி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. இருபதைத் தாண்டியதில்லை. அம்மன் வாசலைச் சாத்துகிறாள் என்று அழுதேனே தவிர, உடம்புக்கு என்ன என்று யோசிக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் சரசு அக்காவின் பூக்கடையில்தான் எனக்கு வேலை. கோயிலுக்குப் போகும் மாலை என்பதால் அந்த நாட்களில் பூவைத் தொடமாட்டேன். அக்காவும் அப்படித்தான். நான் வராத நாளுக்குக் காலண்டரில் ஒரு பெருக்கல் குறி போட்டுவைப்பார். ஒருநாள் அதைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"மாசத்துல பாதி நாள் நீ பூ தொடல. கோவிச்சுக்கல லா. பைப்பு ஒழுகுனாகூட ரெண்டாம் நாள் ஆள கூப்புடுறோம். இத்தன நாளா நீ என்னா பண்ணிக்கிட்டிருந்த?"

"சாமி சோதிக்குதுக்கா."

"சாமிக்கு வேற வேல இல்ல பாரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்ற. நானும் வரேன்."

ஸ்கேனில் கருப்பையில் மூன்று நார்க்கட்டிகள் தெரிந்தன; வயிறு புடைத்திருந்தது அவற்றால்தான். ஒன்று கரு தங்கும் இடத்துக்குள்ளேயே துருத்திக்கொண்டிருந்தது. டாக்டர் முக்காடு போட்ட மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும். ரத்தம் ரொம்பக் குறைவு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். விரதத்தைச் சொன்னேன். சரசு அக்கா மலாயில் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவங்களும் நோன்பு புடிக்கிறவங்கதானாம்" என்றார் அக்கா. "ஆனா இந்த நாள்ல புடிக்கமாட்டாங்களாம். அப்பறமா எண்ணி ஈடு பண்ணிருவாங்களாம். உங்க சாமி மட்டும் ரத்தம் போறவகிட்ட பட்டினி கேக்குமான்னு கேக்குறாங்க."

கட்டிகளை ஆபரேஷன் செய்து எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். கருப்பையை எடுத்துவிடுவார்களா என்று மட்டும் கேட்டேன். ஊரில் என் சித்திக்குக் கட்டி என்று சொல்லித்தான் எடுத்தார்கள்.

"கட்டிய எடுத்துட்டு பைய தச்சிருவாங்களாம். ரத்தம் நிக்கலன்னாதான் எடுக்க வேண்டிவரும், அது ரொம்ப அபூர்வமாம். பிள்ள வரும்னு சத்தியம் பண்ணமுடியாது, அடச்சிக்கிட்டு இருக்கறத எடுக்கலாம்ங்கிறாங்க."

அன்று மாலை போனில் அம்மா, "கத்தி மட்டும் படவேணாம்டி, ஆத்தா பாத்துக்குவா" என்று அழுதாள். ஆத்தாதான் இந்த டாக்டரைக் காட்டினாள் என்று எனக்குத் தோன்றியது. இரும்புச்சத்து ஏற்றி ரத்தம் கூடியபின், மாரியம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். மயக்கம் தெளிந்தபோது சரசு அக்கா கட்டிலருகே நின்றார். "பை பத்திரமா இருக்கு லா" என்றார்.

தையல் ஆற டாக்டர் சொன்ன மாதங்கள் முடியும்வரை பொறுத்திருந்தோம். அடுத்த வருஷம் ரயிலில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தபோது பையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தையல் போட்ட கருப்பை என்பதால் ஆபரேஷன் செய்தே மகளை எடுத்தார்கள். அதே டாக்டர்தான்.

மகளுக்கு இப்போது ஒன்றேகால் வயது. அம்மனுக்குச் சொன்ன மண்டலத்தை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இப்போது இருக்கிறேன். விலக்கு வந்தது. ஐந்து நாள் மூன்று வேளையும் சாப்பிட்டேன். ஆறாம் நாள் குளித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். இன்றைக்கு முப்பத்தொன்றாம் நாள். இத்தனை தூரம் வந்ததே இல்லை.

அம்மா அனுப்பிய ஊர்க் காலண்டர் அடுப்படியில் தொங்குகிறது. விடியற்காலையில் மகளைத் தூக்கிக் காட்டினால் தாளை அவளே கிழிக்கிறாள். ஊரில் பொழுது பிந்தித்தான் விடியும்; அம்மா எழுந்து அங்கே அதே தாளைக் கிழிக்க இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும். அதுவரை எங்கள் வீட்டில் முப்பத்தொன்று, ஊரில் அம்மனுக்கு இன்னும் முப்பதுதான்.