அந்த ரேஸை இப்போது நான் சொல்கிறேன்

நரம்பியல் பிரிவின் வராந்தாவில் நர்ஸ் என் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழுந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது, கால் மட்டும் வரவில்லை. "வாங்களேன், டாக்டர் காத்துக்கிட்டிருக்காங்க" என்று அதட்டினேன். "வரேன், வரேன்" என்றார். வரவில்லை.

டாக்டர் இளம் பெண். அவர் என்னைப் பார்க்கவில்லை, இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிசோதனையில் பாதி அந்த வாசலிலேயே முடிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி வாசலில் நிற்கிறார் என்றால், இது உங்களுக்காக எழுதுவது. ஆறுதல் சொல்ல எழுதவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களை எல்லாம் நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முன்பே அறிகுறிகள் இருந்தன. கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனது. நடக்கும்போது இடது கை வீசவில்லை. முகத்தில் சிரிப்பும் கோபமும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. என் மேல் ஏதோ வருத்தம், அதனால்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நானும் பதிலுக்கு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்.

டாக்டர் சொன்ன பெயர் பார்க்கின்சன் (உடம்பின் அசைவுகளை நடத்தும் மூளைப்பகுதி சிறிது சிறிதாக வேலையைக் குறைத்துக்கொள்ளும் நோய்). வாசலில் கால் ஒட்டிக்கொள்வதற்கு உறைதல் என்றார் (நடக்க வேண்டும் என்று மனம் சொல்லியும் கால் கிளம்பாமல் நிற்பது). மாத்திரை எழுதினார். எம்.ஆர்.ஐ. (மூளையைப் படம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"தலையில எப்பவாவது பலமா அடிபட்டு மயக்கம் போட்டிருக்காராம்மா?"

"இல்ல டாக்டர். ரேஸ் ஓட்டினவரு, கை கால் உடைஞ்சிருக்கு. தலையில ஒண்ணும் இல்ல" என்று அடித்துச் சொன்னேன்.

ரேஸ் என்றதும் நீங்கள் தார் ரோட்டில் ஓட்டுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். புதுச்சேரியில் உழவர்கரைக்கு மேற்கே, இப்போது வீடுகள் நெருக்கிக் கிடக்கும் இடத்தில், அப்போது ஒரு செம்மண் பொட்டல் இருந்தது. தார் பீப்பாய்களை வைத்து முட்டை வடிவில் ஒரு பாதை வளைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் நாலு வண்டி, குறுக்கே கட்டிய கயிற்றைத் தூக்கியதும் கிளம்பும். பிரேக்கைக் கழற்றிவிடுவார்கள். இடது பக்கம் மட்டும்தான் திருப்பம். திருப்பத்தில் வண்டியைப் பக்கவாட்டில் வழுக்க விட்டு, இடது காலைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்காக இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு அடித்திருப்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய ஒரு சொல்தா அங்கே பார்த்துவிட்டு வந்து இங்கே தொடங்கி வைத்த ஆட்டம் அது. சொல்தா என்றால் எங்கள் ஊரில் அந்தப் பட்டாளத்துக்காரர்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை அண்ணனோடு போய்ப் பார்த்தேன். எஞ்சினில் விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள், அது காயும் வாசனை பொட்டல் முழுக்க இருந்தது. திருப்பத்தில் மண் எழும்பி வந்து முன்வரிசைக்காரர்கள் மேல் கொட்டும். எல்லோரும் செய்தித்தாளை முகத்துக்குப் பிடித்துக்கொள்வார்கள். நான் பிடிக்கவில்லை. இடது கால் தரையில் பொறி பறக்க, வண்டி ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமும் பார்க்க, இவர் வளைந்து போனதை வாயில் மண்ணோடு பார்த்தேன். மாப்பிள்ளை என்று பின்னால் இவர் பெயர் வந்தபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த ஆட்டம் அழகு என்பதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

அந்த சொல்தாவின் மகன்தான் மிஷேல். இவருடைய கூட்டாளி. பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே குளிர் தொடங்கியதும் புதுச்சேரிக்கு வந்து சில மாதங்கள் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, "சவா?" என்று நலம் விசாரித்துவிட்டு, இவர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதையை ஆரம்பிப்பார். கதைகள் பல உண்டு. கடைசியில் வருவது மட்டும் எப்போதும் ஒன்றுதான்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அந்த ஞாயிறும் அதைத்தான் சொன்னார்.

"ஃபைனல் தங்கச்சி! ரெண்டாவது திருப்பம். என் முன்சக்கரம் லேசா அவன் பின்சக்கரத்துல பட்டுது. பய போயி பீப்பாயில மோதுனான் பாரு, நங்குன்னு சத்தம்! கட்ட மாதிரி கெடக்கறான். ரேஸ நிறுத்தி மறுபடியும் முதல்லேர்ந்து உடணும்னு சொல்லிட்டாங்க. நாங்க கோலி சோடாவ ஒடச்சி மூஞ்சில அடிச்சோம். கண்ண தொறந்து என்னா கேட்டான் தெரியுமா? இன்னிக்கி என்னா கெழமன்னு கேட்டான்! தூக்கி வண்டியில ஒக்கார வெச்சி தள்ளி உட்டோம். ஜெயிச்சிட்டான்! கோப்பைய கையில குடுத்தா, அதுக்குள்ளயே வாந்தி எடுத்துட்டான்!"

இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டே சிரித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அது அடிபட்ட கதை இல்லை, ஜெயித்த கதை. அதனால்தான் டாக்டர் கேட்டபோது எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அன்றுதான் டாக்டரின் கேள்வியோடு சேர்த்துக் கேட்டேன்.

அந்த ரேஸ் நடந்து சில நாட்களில்தான் எங்கள் கல்யாணம். மணமேடையில் இவர் பேசவே இல்லை. கூச்சம் என்று நினைத்தேன். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பார். வெளிச்சம் பட்டால் தலை பிளக்கிறது என்று முதல் மாதம் முழுக்க இருட்டு அறையில் படுத்திருந்தார். புது மாப்பிள்ளைக்குத் திருஷ்டி என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். மூளையில் அடிபட்ட மனிதனுக்கு மிளகாய்!

அடுத்த முறை டாக்டரிடம் போகும் நாள் வந்ததும் மிஷேலுக்குப் போன் செய்தேன். "அண்ணே, இவர காருல ஏத்தி எறக்க ஒரு ஆள் வேணும், வர்றீங்களா?" என்று தேனாகப் பேசினேன். மனிதர் பூரித்துப்போய் வந்தார்.

டாக்டர் படத்தைப் பார்த்து முடித்ததும் நான் சொன்னேன்: "தலையில அடிபட்டதான்னு கேட்டீங்கல்ல டாக்டர்? இவரு கூடவே இருந்தவரு. அண்ணே, அந்த ஃபைனல் கதைய அப்படியே சொல்லுங்க. ஒண்ணு உடாம."

மிஷேல் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். பீப்பாய் சத்தம் வரைக்கும் நன்றாகப் போனது. டாக்டர் குறுக்கிட்டார்.

"எவ்ளோ நேரம் மயக்கமா இருந்தார்?"

"அது... மைக்குல ஒரு பாட்டு போட்டாங்க. அது முடிஞ்சப்புறந்தான் கண்ண தொறந்தான்."

"கிழமை தெரியலையா? வாந்தி எடுத்தாரா?"

"எடுத்தான்." இந்த முறை கோப்பையைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"அப்புறம் ஏன் சார் திரும்பவும் வண்டியில ஏத்தினீங்க?"

மிஷேல் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அறைக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. "ஜனம் கத்துச்சி டாக்டர்" என்றார்.

டாக்டர் நியாயமாகவே பேசினார். ஓர் அடியால்தான் இந்த நோய் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான் என்றார். டாக்டரால் சொல்ல முடியாது. என்னால் சொல்ல முடியும். மிஷேலின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தபோது எனக்குப் பல மாதங்களாக இல்லாத பசி எடுத்தது. அன்று மத்தியானம் இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

இவர் மட்டும் அந்த அறையில் ஒன்று கேட்டார். வார்த்தை தேய்ந்துதான் வரும். "நா ஜெயிச்சேன்ல, மிஷேல்?" மிஷேல் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு மிஷேல் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு முன்கூட்டியே பிரான்சுக்குப் போய்விட்டதாக ஊரார் சொன்னார்கள். போகட்டும் என்றிருந்தேன். இவர் ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாற்றச் சொல்லி, ஹாலில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாத்திரை அதேதான், ஆனாலும் கால் முன்பைவிட அதிகம் ஒட்டிக்கொண்டது. பாத்ரூம் வாசலில் ஒரு முறை விழுந்தார்.

"அவன் வந்து சொல்லட்டும்" என்றார் ஒரு நாள்.

"அதான் ஆயிரம் தடவ கேட்டாச்சே, என்னாத்துக்கு?"

"எனக்கு அந்த ரேஸே ஞாபகம் இல்ல ஜெயா. முதல் நாள் ராத்திரி சாப்பிட்டது வரைக்குந்தான் ஞாபகம். ஜெயிச்சது அவன் சொல்லித்தான் தெரியும்."

இத்தனை வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாரே, அது நினைவுகூர்வது இல்லை, தெரிந்துகொள்வது. இவர் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே ஃபைனல் அது. அதன் ஞாபகத்தையும் இவரிடமிருந்து தட்டிவிட்டு, கடைசியில் கதையையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டான் அந்த மனிதன். என் கோபம் இரண்டு மடங்கானது.

அரியாங்குப்பத்தில் இருக்கும் என் மகள் சொன்னாள்: "மன்னிச்சிட்டு ஒரு போன் போடும்மா. அப்பாவுக்காக." நான் போடவில்லை. இன்றுவரை போடவில்லை. மன்னித்தால்தான் மனம் லேசாகும் என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். என் மனம் லேசாக இருந்திருந்தால் இவரைத் தாங்கிப் பிடித்திருக்க முடியாது. கோபத்தில்தான் காலையில் எழுந்தேன், கோபத்தில்தான் குளிப்பாட்டினேன்.

பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். தரையில் கோடு போடுங்கள், தாண்டச் சொல்லுங்கள், வாயால் ஒரு தாளம் கொடுங்கள். சாக்பீஸில் கோடு போட்டேன். நான் கணக்கு டீச்சராக இருந்தவள், ஒன்று இரண்டு எண்ணினேன். கால் கொஞ்சம் அசைந்தது. ஒரு நாள் எண்ணி எண்ணி அலுத்துப்போய், "நாலு வண்டியும் வரிசையில நிக்குது, கயிறு தூக்கிட்டாங்க, உடுங்க!" என்றேன். இடது கால் முன்னால் வந்தது.

அன்றிலிருந்து ரேஸை நான்தான் சொல்கிறேன். படுக்கையிலிருந்து ஹாலுக்கு ஒரு சுற்று. ஹாலிலிருந்து பாத்ரூமுக்கு இன்னொரு சுற்று. எங்கள் வீட்டில் இப்போது கடிகாரம் பார்ப்பதில்லை. மாத்திரை வேலை செய்யும் நேரம் பகல், அதன் வேகம் தணிந்த நேரம் இரவு. வாசலில் அவரோடு நின்று நின்று என் காலும் மாறிவிட்டது. கடைக்குப் போனாலும் படியைக் கண்டால் ஒரு கணம் நின்று, இடது காலைத்தான் முதலில் வைக்கிறேன்.

நான் சொல்லும் ரேஸில் பீப்பாய் இல்லை. சோடா இல்லை, வாந்தி இல்லை. இவர் விழுவதே இல்லை. முதல் திருப்பத்திலேயே முந்திவிடுகிறார். மற்றவர்கள் இவர் கிளப்பிய மண்ணைத் தின்றுகொண்டு பின்னால் வருகிறார்கள். அந்த மற்றவர்களில் மிஷேல் கிடையாது.

நேற்று அறை வாசலில் நின்றபடி இவர் கேட்டுவிட்டார். "மிஷேல் எங்க? அவனும் ஓட்டினானே?"

"அவரா? அவரு வண்டி அன்னிக்கி ஸ்டார்ட்டே ஆவலைங்க."

யோசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொண்டைக்குள் சிரிப்பு உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவன் வண்டி என்னிக்கி ஒழுங்கா ஸ்டார்ட் ஆச்சி!" என்று சொல்லிவிட்டு நிலைப்படியைத் தாண்டினார்.