மூடுபனியில் கண் பரிசோதனை

அந்த மலைக்காட்டுப் பூங்காவில் வருடத்தில் பத்து மாதம் மூடுபனி, இரண்டு மாதம் மழை. எப்போதாவது வெயில் வழி தவறி வந்து எட்டிப் பார்க்கும். அங்கே பதினெட்டு வருடமாக நடைப்பயண வழிகாட்டியாக இருந்தவருக்குக் கண்பார்வை மங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. பத்தடிக்கு அப்பால் எல்லாம் கஞ்சித் தண்ணீர். மற்றவர்களுக்கும் பனியில் அப்படித்தான் தெரியும் என்பதால் பிழைப்பு ஓடியது. காலடிகளை எண்ணியே வளைவுகளைப் பிடித்துவிடுவார். ஈரச் சாண வாடை வந்தால் மான், அழுகல் வாடை வந்தால் பன்றி. "அதோ" என்று பனிக்குள் கையை நீட்டினால், வந்தவர்களில் ஒருவராவது "ஆமாம், தெரியுது" என்று சொல்லிவிடுவார்.

விஷயம் தெரிந்தது அவர் மனைவிக்கு மட்டும். பூங்கா உணவகத்தில் சமையல் அவள்தான்.

ஒருநாள் வனச்சரக அதிகாரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். வழிகாட்டிகள் ஆறு பேருக்கும் கண் பரிசோதனை. தேறாதவர் காட்டுக்குள் போகக்கூடாது. ஆனால் எழுத்துப் பலகை முன்கூட்டியே வந்து, வைக்க இடமில்லாமல், உணவகத்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டது. மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே அதை எழுத்து விடாமல் படித்து, கணவருக்கு வாய்ப்பாடு மாதிரி உருப்போட வைத்தாள்.

"நாலாவது வரி?"

"ங, ண, ஞ, ழ."

"ழ-வைச் சுத்தமா சொல்லுங்க. அப்பதான் பார்த்துப் படிச்ச மாதிரி இருக்கும்."

பரிசோதனை நடந்த கூடத்தின் கூரைத் தகடுகளைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். பனி தாராளமாக உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. சமவெளியிலிருந்து வந்திருந்த கண் மருத்துவருக்கு அன்றைக்குள் திரும்பும் அவசரம். பலகை சுவரில்தான் மாட்டியிருக்கிறதா என்று அவரே இரண்டு தடவை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

கழுகுக் கண் படைத்த ஐந்து வழிகாட்டிகளும் வரிசையாக வந்து உண்மையைச் சொன்னார்கள். "ஒண்ணும் தெரியலைங்க, சார்." ஐந்து பேரும் தேறவில்லை.

ஆறாவதாக நம்மவர் வந்தார். 'ப'வில் தொடங்கினார். மேல் வரி, நடு வரி, நாலாவது வரி எல்லாம் முடிந்தும் வாய் நிற்கவில்லை. மனைவி சொல்லிக்கொடுத்த வேகத்தில், ஓரத்தில் எறும்பளவு அச்சிட்டிருந்த அச்சகத்தின் முகவரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அச்சகம் பேரு கூடத் தெரியுதா உங்களுக்கு?"

"லேசாத்தான் தெரியுது, சார்" என்றார் அடக்கமாக.

'என் அனுபவத்தில் கண்டிராத கண்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மருத்துவர் மலை இறங்கினார். ஐந்து பேரும் மறுபரிசோதனை வரைக்கும் வேலிக்கு வர்ணம் அடிக்க அனுப்பப்பட்டார்கள். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பது போல, மொத்தக் காட்டுக்கும் அவர் ஒருவர்தான் வழிகாட்டி என்றானது.

அடுத்த வாரம் வெயில் வழி தவறி வந்தது. காப்பீட்டு அலுவலகம் ஒன்றிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். வெளிச்சத்தைக் கண்ட உற்சாகத்தில் அவர்கள் விறுவிறுவென்று நடக்க, அவருடைய காலடிக் கணக்கு குழம்பிப் போனது. எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை. அப்போதுதான் ஒரு வளைவில் கறுப்பாக ஒன்று தென்பட்டது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. வனத்துறையின் பழைய ஜீப் ஒன்று பழுதாகி, கறுப்புத் தார்ப்பாய் போர்த்தியபடி புல்வெளி வளைவில் வருடக்கணக்காக நின்றது.

"வாங்க, இதுகிட்ட கொஞ்சம் உக்காருவோம்" என்றபடி போனார். ஏழு பேரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை. சாய்ந்துகொண்டு உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "இந்தச் சனியனை இன்னும் இங்கேருந்து நகர்த்தலையா இவனுங்க?"

ஜீப் மூச்சு விட்டது. கதகதப்பாக இருந்தது. பிறகு கொம்போடு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

காட்டெருமை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையை எடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த மிருகத்தை அதுவரை யாரும் பெயர் சொல்லித் திட்டியதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, அலுவலகத்தில் நாற்காலியை விட்டுக்கொடுப்பவர் மாதிரி, ஓரடி தள்ளி நின்று, மெதுவாகச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

காப்பீட்டு மேலாளர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அண்ணே, உங்களுக்குப் பாலிசி ஏதாவது இருக்கா?"

அன்று மாலையே வழிகாட்டி சரக அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "ஏழு உசுருங்க, சார். என்னை நம்பி வந்தவங்க."

அதிகாரி முழுதும் கேட்டார். நெற்றியைத் தேய்த்தார். "உங்க சான்றிதழ் தலைமை அலுவலகம் போயிடுச்சு. இந்தத் துறையிலேயே நல்ல கண்ணு உங்களுதுதான்னு அங்க கோப்பு ஓடுது. இப்போ போய் கண்ணு தெரியலைன்னா, பனியில யாரு பரிசோதனை வெச்சதுன்னு என்னைக் கேப்பாங்க."

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"கண்ணாடி போடுங்க. யாராச்சும் கேட்டா, ரொம்பத் தெரியுது, குறைச்சுக்கிறதுக்குப் போட்டிருக்கேன்னு சொல்லுங்க."

மற்ற ஐவருக்கும் உணவகத்துக்குள்ளேயே மறுபரிசோதனை வைத்தார்கள், ஐவரும் தேறினார்கள். இனி முன்னால் அவர்களில் ஒருவர் நடப்பது, பின்னால் இவர் வருவது என்று ஏற்பாடாயிற்று. மனைவி அவரைச் சமவெளிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். பனிக்குள் போனால் அதிலும் ஆவி படிந்துவிடும். துடைத்துத் துடைத்துக் கைக்குட்டைதான் கிழிந்தது.

அடுத்து வெயில் வந்த நாளில், கண்ணாடியோடு உணவக வாசலில் நின்று எதிர் மலையைப் பார்த்தார். உச்சியில் உயரமாக ஒரு கோபுரம்.

"ஏய், இங்க வா. அந்த டவர் எப்ப வந்துச்சு?"

மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "மூணு வருஷமாச்சு. திறப்பு விழாவுல முதல் வரிசையில நின்னு கை தட்டினீங்களே."

அவர் யோசித்துப் பார்த்தார். கை தட்டியது ஞாபகம் இருந்தது.