பொது மேசையில் வைத்த பல்வரிசை

காலமெல்லாம் பல்செட் செய்து வயிறு வளர்த்தவள், நாற்பத்தெட்டு வயதில் சிற்பம் படிக்கக் கிளம்பினால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? சிரித்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை. கணவர் இறந்ததிலிருந்து எதுவுமே உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கிற இடமே தெரியாதே, அப்படி மரத்துக் கிடந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். அதுவும் ஏறவில்லை.

முதுகலைச் சிற்பப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டது மகள்.

"நீ செதுக்குற மெழுகுப் பல்லு சிற்பம் இல்லாம வேற என்னம்மா? வீட்டுல சுவத்தப் பாத்து உக்காந்திருக்கறதுக்கு அங்க போய் உக்காரு."

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலைப் பெட்டியோடு கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள்.

புதிதாகச் சேர்ந்த மற்றவர்கள் எல்லாம் மகள் வயசுப் பிள்ளைகள். முதல் நாளே அவளுக்குப் 'பல்லக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு அறை. அறை என்றால் பெரிய கூடத்தில் பலகை வைத்துத் தடுத்த இடம். ஒரு விளக்கு, ஒரு நாற்காலி, முன்னால் இருந்தவர் விட்டுப்போன ஆணி ஓட்டைகள். பிள்ளைகள் களிமண்ணும் கம்பியும் தூக்கி வந்து இரண்டே நாளில் இடத்தை அமளிதுமளி ஆக்கிவிட்டார்கள். பல்லக்கா பெட்டியைத் திறந்து ஒரே ஒரு பொருளை எடுத்தாள்.

அது கணவரின் பல்வரிசை. கடைவாய்ப் பல்லுக்கு உறை போடுவதற்காக எப்போதோ அவளே அச்செடுத்து, பிளாஸ்டர் மாவு ஊற்றி எடுத்தது. மேல் வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தப் பல்லுக்கு வெட்கப்பட்டே மனிதர் ஆயுசு பூராவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அவளே கேலி செய்ததுண்டு. அவள் அச்செடுத்த அன்றைக்குத்தான் முழுசாகத் திறந்தார்.

நாற்காலியைத் துடைப்பதற்காக அதைக் கூடத்தின் நடுவிலிருந்த மேசையில் வைத்தாள். வைத்தவள் மறந்துபோனாள். அந்த மேசையில் பேர் எழுதாமல் வைத்த எதையும் யார் வேண்டுமானாலும் எடுத்து வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பது அங்கே சட்டம். முதல் நாளே உரக்கச் சொன்னார்கள். அவள் காதில் விழுந்ததோடு சரி, மனதில் விழவில்லை. மறுநாள் தேடியபோது மேசை காலி. யாரிடமும் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

இதற்கு நடுவில், அவள் அறை காலியாகவே கிடப்பதைப் பார்த்த பேராசிரியை அவளைக் கூப்பிட்டு நேராகவே பேசினார்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் செஞ்சத வெச்சுக் காட்டுவாங்க. அதப் பாத்துட்டு, இருக்கீங்களா போறீங்களான்னு அன்னிக்கே சொல்லிடுங்க. இந்த இடத்துக்கு இன்னொருத்தர் காத்துட்டிருக்காங்க."

நியாயமான பேச்சு. தலையாட்டினாள். போய்விடலாம் என்றுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. பார்ப்பவர்கள் பேசி முடிக்கும்வரை செய்தவர் வாய் திறக்கக் கூடாது. அவள் கணவர் இந்தப் படிப்பில் முதல் மாணவராக வந்திருப்பார்.

ஒரு இடத்தில் நில்லாததால் பம்பரம் என்று பேரெடுத்த பெண்ணின் சுவர் முழுக்கச் சிவப்பு மெழுகில் வாய்கள். உதடு விரியத் திறந்து சிரிக்கிற வாய்கள். அத்தனையிலும் மேல் வரிசையில் ஒரு முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருந்தது.

"யாரோ செம ஜாலியான ஆளு" என்றான் ஒரு பையன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இல்லப்பா" என்றாள் பல்லக்கா. அந்த வாரத்தில் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. "என் வீட்டுக்காரர். இப்படி ஒரு நாளும் சிரிச்சதில்ல. மூடிட்டுத்தான் சிரிப்பாரு."

பம்பரத்தின் முகம் வெளிறிப்போயிற்று. சட்டப்படி பேசவும் முடியாமல் நின்றது அந்தப் பெண். பேராசிரியை கண் காட்டிய பிறகுதான் வாய் வந்தது.

"பொது மேசையில இருந்துச்சுக்கா. உங்களோடதுன்னு சத்தியமா தெரியாது."

"அசல் எங்க?"

"அச்சு எடுத்ததும் உடச்சிட்டேன். அசல்னு தனியா ஒண்ணு இருக்க வேணாம்னு நெனச்சு..."

பல்லக்கா தன் கோபத்துக்காகக் காத்து நின்றாள். வரவில்லை. அவரைத் தொட்டு எடுத்த ஒரே பொருள் உடைந்து போயிருக்கிறது, அப்போதும் வரவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

"ஒண்ணு குடு" என்று ஒரு மெழுகு வாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

பெட்டியை முழுசாகத் திறந்து ஸ்பிரிட் விளக்கையும் மெழுகுக் கத்தியையும் எடுத்தாள். கத்தியைச் சூடாக்கி, விரிந்த உதட்டை இளக்கி, கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தாள். செய்து பழகிய கை, அதுபாட்டுக்கு வேலை செய்தது. மேலுதடு இறங்கிப் பல்லை மூடியது. மூடிய இடத்தில், ஏறிய பல்லுக்கு மேலே, உதடு லேசாகப் புடைத்து நின்றது.

அந்தப் புடைப்பை அவள் செய்யவில்லை. உள்ளே இருக்கிற பல் தானாகத் தள்ளியது. தினமும் சாப்பாட்டு மேசைக்கு எதிரே பார்த்த உதடு அது. மரப்பு விட்டதும் வலிக்கும் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்புவதை எத்தனை தடவை கேட்டிருப்பாள். வலித்தது. கத்தியைக் கீழே வைக்காமலே அழுதாள். மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை ஒழியவில்லை.

பேராசிரியை தடுப்புப் பலகையை மெதுவாகத் தட்டினார்.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"கீழுதடு இன்னும் முடியல மேடம்" என்றாள் பல்லக்கா.