மூன்று வருட முழு வாரண்டி

என் அக்கா டிவி ரிமோட்டுக்கு உறை போட்டவள். அந்த உறை அழுக்காகக் கூடாதென்று அதன்மேல் இன்னொரு உறை போட்டவள். வாங்கிய சோபாவின் பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே விடவில்லை. அவள் வீட்டுக்குப் போனால் வழுக்கி வழுக்கித்தான் உட்கார வேண்டும். "பிரிச்சா என்னக்கா, ஓடியா போயிடும்?" என்று கேட்டால், "உனக்கென்ன, துடைக்கிறவ நான்ல?" என்பாள். அவளைத் திருத்தப் போனவர்கள் எல்லாரும் ஓய்ந்துபோனார்கள், நான் உட்பட.

வேலையும் அவளுக்கு அப்படியே வாய்த்தது. மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் கவுன்டர். அந்த பில் இருக்கா, இந்தச் சான்று இருக்கா என்று கேட்பாள். இல்லை என்று வாயைத் திறந்தவர் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். அதனால் எங்களுக்கு அவள் ஓயாமல் ஓதிய வேதம் ஒன்று உண்டு. "கவுன்டர்ல எது கேட்டாலும் இருக்குன்னு சொல்லு. இல்லைன்னு மட்டும் சொல்லிடாத. அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிக்கலாம்."

அத்தான் அவளுக்கு நேர் எதிர். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்பவர். வீட்டிலும் அதே கணீர்க் குரல்தான். "மேனேஜரம்மா... டீ புறப்படத் தயாரா?" என்று கூடத்திலிருந்து கூப்பிடுவார். "டிரைவர் இன்னும் வரல, உக்காருங்க" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. பாழாய்ப்போன கட்டிக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் அத்தானின் குரலைப் பதிந்து லேப்டாப்பில் வைத்துக்கொண்டால், பொத்தானுக்கு ஒரு வாக்கியம் என்று அவர் குரலிலேயே பேச வைக்கலாம் என்றும் அவரே சொன்னார். வேறு பதிவு ஒன்றும் எங்களிடம் இல்லை. அத்தானிடம் இருந்தது பழைய பட்டன் போன். அக்காவோ, இடத்தை அடைக்கிறது என்று போனில் வந்ததை அன்றன்றே அழிப்பவள்.

லேப்டாப் வாங்க மூவருமாகக் கடைக்குப் போனோம். இருப்பதிலேயே உசத்தியாக இரண்டை எடுத்து வைத்தார் விற்பனையாளர். ஒன்று கறுப்பு, கனம், கீழே போட்டாலும் தாங்கும். மற்றது வெள்ளி நிறம், மெலிசு, மைக்கும் ஸ்பீக்கரும் பிரமாதம். அத்தான் இரண்டிலும் பேசிப் பார்த்தார். கறுப்பில் தன் குரலைக் கேட்டதும் முகம் சுளித்தார். "ஜலதோஷம் புடிச்சவன் மாதிரி இருக்கேன். வெள்ளியே எடுத்துக்கலாம்."

"தொட்டாலே உடைஞ்சிடும் போல இருக்கு" என்றாள் அக்கா.

"மேடம், கூட மூணு வருஷ எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கங்க. உடைஞ்சாலும், தண்ணி கொட்டினாலும் புதுசே தந்துடுவோம்" என்றார் விற்பனையாளர்.

"டீ கொட்டினா?"

"டீயும் தண்ணிதானே மேடம்."

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தானுக்கு அதில் விருப்பமில்லை. "தொண்டைக்கே வாரண்டி இல்ல, இதுக்கு எதுக்கு?" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா வாரண்டியோடு வாங்கினாள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாட்களெல்லாம் அத்தான் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பேசிப் பதிந்தார். ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வைக்கச் சொன்னேன். "அதான் எல்லாத்துக்கும் கவர் இருக்கேடி" என்று என் வாயை அடைத்துவிட்டாள் அக்கா.

வீடு திரும்பிய அன்றே அவர் முதல் பொத்தானை அழுத்தினார். "மேனேஜரம்மா... டீ புறப்படத் தயாரா?" அக்கா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு டீ போட்டாள். போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது அந்த வீடு.

ஒரு நாள் அத்தானின் கை தட்டித் தண்ணீர் டம்ளர் லேப்டாப்பின்மேல் சாய்ந்தது. திரை அணைந்தது. அவர் பதறிப்போனார், அக்கா பதறவில்லை. "இதுக்குத்தான் சொன்னேன்" என்று கொஞ்சம் பெருமையாகவே பில்லை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பினாள். கவுன்டர் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். பில் இருக்கா? இருக்கு. சார்ஜர் இருக்கா? இருக்கு. பேக்கப் இருக்கா? அதுவும் ஏதோ ஒரு சான்று என்று நினைத்தாள் என் அக்கா. கேள்வி முடிவதற்குள், "இருக்கு" என்றுவிட்டாள்.

சொன்னபடியே புதுசு வந்தது. அதே மாடல், அதே வெள்ளி நிறம், கீறல் இல்லை. அத்தான் ஆசையாக முதல் பொத்தானை அழுத்தினார். திரையில் ஓர் எழுத்து விழுந்தது. மறுபடி அழுத்தினார். இன்னோர் எழுத்து.

அக்கா விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். "பழசு கம்பெனிக்குப் போயிடுச்சே மேடம், இந்நேரம் எல்லாத்தையும் அழிச்சிருப்பாங்க" என்றாள் அந்தப் பெண். "தண்ணிக்கு டிஸ்க் ஒண்ணும் ஆயிருக்காது. பேக்கப் காப்பி இல்லைன்னு சொல்லியிருந்தா, உள்ள இருந்ததையெல்லாம் அன்னைக்கே எடுத்துக் குடுத்திருப்போம். நீங்கதானே இருக்குன்னு சொன்னீங்க?"

அக்கா சண்டை போடவில்லை. 'நீங்கதானே சொன்னீங்க' என்று எத்தனை பேரை அவளே திருப்பி அனுப்பியிருக்கிறாள்!

அத்தான் அவளை ஒரு சொல் திட்டவில்லை. திட்டக் குரல் ஏது? முதுகைத் தட்டிக் கொடுத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இப்போது டீ வேண்டுமென்றால் டம்ளரை ஸ்பூனால் தட்டுகிறார்.

கொஞ்ச நாளாக அக்கா அலுவலகத்திலிருந்து நேரம் கழித்து வருகிறாள் என்று தேடிப் போனேன். பேருந்து நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பஸ் அந்தப் பக்கமே வராது. மேலே ஒலிபெருக்கியில் அத்தானின் குரல். எப்போதோ பதிந்து வைத்த அந்த ஒரே அறிவிப்பை இன்னும் போடுகிறார்களாம். அதுவரை எங்களில் யாருக்கும் அது நினைவுக்கே வரவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்."

"கேட்டாச்சுல்ல, எழுந்திரு. போலாம்க்கா."

"இருடி, இன்னொரு தடவ சொல்வார்." கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "ஊர்ல இருக்கிற எல்லாரையும் கூப்பிடுறார்டி. என்னைத்தான் கூப்பிட மாட்டேங்கிறார்."