எஸ்தர் டீச்சர் பதிவு செய்த குரல்கள்

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது தலைமையாசிரியர் அழைத்தார். "எஸ்தர் டீச்சர் இறந்துட்டாங்க சார். நெஞ்சுவலி." நேற்றுகூடப் பேசினேனே, சும்மா இருங்க என்று அவரிடமே சண்டைக்குப் போனேன்.

உடன் வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், மண்ணூரிலிருந்து வரும் அந்த விலங்கியல் ஆசிரியைக்குக் குரங்குகள் என்றால் உயிர். வல்லம் வடகால் தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய புளியமரங்களில் ஒரு கூட்டம் இருந்தது. மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கத்துவது எந்தக் குரங்கு என்று பெயர் சொல்வார். திரும்பிப் பார்த்தால் அதுவேதான். "நம்ம புள்ளைங்க குரல நாம கண்டுபுடிக்கல? அதுங்களும் அப்படித்தான் சார்" என்பார். குரங்கைக் கண்டாலே நடுங்கும் என்னை "வாங்க வீரரே" என்று கேலி செய்து ஒலிபெருக்கியைத் தூக்கவைத்தார். அவர் பதிவு செய்து வைத்திருந்த குட்டியின் குரலைப் போட்டால் தாய் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

ஒருநாள் தவறான பதிவை அழுத்திவிட்டேன். முந்தைய வாரம் லாரியில் அடிபட்டுச் செத்த குட்டியின் குரல் அது. மற்றப் பெண் குரங்குகள் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. அந்தக் குட்டியின் தாயைத் திரும்பிப் பார்த்தன. தாய் சுவரிலிருந்து குதித்து, சாலைக்கு இந்தப்பக்கம் நின்ற எங்களை நோக்கி ஓடிவந்தது. கன்டெய்னர் லாரி ஒன்றும் வந்துகொண்டிருந்தது. நான் அசையவில்லை. டீச்சர்தான் இரண்டு கைகளையும் விரித்தபடி குறுக்கே பாய்ந்தார்.

லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. "இன்னாம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று ஓட்டுநர் கத்தினார். டீச்சர் என்னைத் திட்டவில்லை. "செத்ததோட குரல உயிரோட கீறதுக்குப் போட்டுக் காட்டக் கூடாது சார். தேட ஆரம்பிச்சிடும்" என்றார்.

அப்படியே ஆனது. பல நாள் அந்தத் தாய் சாலையோரம் வந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பள்ளி விட்டதும் டீச்சர் போய்க் காவல் நின்றார். தப்பு செய்தவன் நான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய மகள் ஜென்சி என்னிடம் வந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். "அங்கிள், அம்மா உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும் இல்ல? போட்டுக் காட்டுங்க."

"அதெல்லாம் அழிஞ்சுபோச்சும்மா."

பொய். பதினோரு செய்திகள் இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அவைதான். அவள் காதில் விழுந்துவிடுமோ என்று போனைக் கீழே வைக்கவே பயமாக இருக்கிறது. கடைசிச் செய்தியில் டீச்சர் என்னிடம் பேசுவதை நடுவில் நிறுத்திவிட்டு, "ஜென்சி, இங்க வா" என்று கூப்பிடுகிறார்.